அய்யம்மாள் கையெழுத்துப் போட்ட கடிதம்

5 ஆகஸ்ட் 2025, செவ்வாய்

நான்காம் பீரியடில் 10-பி வகுப்புக்கு முக்கோணவியல் ஆரம்பித்தேன். கரும்பலகையில் மூன்றாவது பக்கத்தை வரைவதற்குள் சூசை வந்து வாசலில் நின்றார், ஹெச்.எம். கூப்பிடுகிறாராம். அலுவலக உதவியாளருக்கு ஆள் கூப்பிட என் வகுப்பு நேரம்தான் கிடைக்கும்.

பள்ளிக்கு எழுபத்தைந்து வயதாகிறது. ஜனவரியில் பவள விழா. இங்கே படித்துச் சாதித்த பெண்களில் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து மேடையில் கௌரவிக்க வேண்டும். அதற்கு நான் பொறுப்பு. "நீங்கதான் சீனியர், டீச்சர். பதினெட்டு வருஷமா இதே ஸ்கூல்ல இருக்கீங்க. உங்களுக்குத் தெரியாத பிள்ளைங்க உண்டா?" என்கிறார் தாஹிரா மேடம். அவர் இங்கே தலைமையாசிரியையாக வந்து ஒரு வருடம்தான் ஆகிறது.

சீனியர் என்றால் தட்டிக்கழிக்கத் தெரியாதவள் என்று அர்த்தம் போல. மே மாதம் ஓய்வு. அதுவரை நிம்மதியாகக் கணக்கு நடத்திவிட்டுப் போகலாம் என்றால் விடமாட்டார்கள். சரி, ஒத்துக்கொண்டாயிற்று. செய்வதை ஒழுங்காகச் செய்ய வேண்டும். சிபாரிசுக்கு இடமில்லை என்று இன்றே சொல்லிவிட்டேன்.

22 ஆகஸ்ட், வெள்ளி

விண்ணப்பங்கள் வந்து குவிகின்றன. ஒருத்தி பதினான்கு பக்கத்துக்குத் தன் வரலாறு அனுப்பியிருக்கிறாள். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் துணைத் தலைவியாக இருந்தது வரை விடவில்லை. இன்னொருத்திக்காக அவள் வீட்டுக்காரர் மூன்று முறை போன் செய்துவிட்டார். ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ் மட்டும், "நான் என் வேலையத்தான டீச்சர் செஞ்சேன், எனக்கு எதுக்கு?" என்றார். அவர் பெயரை முதலில் எழுதிவிட்டேன்.

முன்னாள் மாணவியர் சங்கச் செயலாளர் வக்கீல் தமிழ்மதி வந்திருந்தாள். "ரெண்டு டாக்டர் இருக்கட்டும், ஒரு பேங்க் மேனேஜர், வெளிநாட்டுல ஒண்ணு" என்று கல்யாணப் பந்திக்குக் கூட்டு, பொரியல் என்று வெஞ்சனம் முடிவு செய்கிற மாதிரி பேசுகிறாள். நல்ல பெண்தான். ஆனால் அவளுக்கும் மேடை நிறைந்திருக்க வேண்டும்.

ஒன்பது பேர் முடிவாகிவிட்டது. ஒரு இடம் பாக்கி.

9 செப்டம்பர், செவ்வாய்

இன்று காலை ஆசிரியர் அறையில் செய்தித்தாள் கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தது. அய்யலூர் ஆட்டுச் சந்தைக்குப் போன வேன் ஒன்று போன வாரம் விடியற்காலையில் தண்டவாளத்தில் ஏறிச் சிக்கி நின்றிருக்கிறது. திருச்சியிலிருந்து வந்த ரயிலின் இன்ஜினில் இருந்த உதவி லோகோ பைலட், ஒரு பெண், தூரத்திலேயே அதைப் பார்த்துச் சத்தம் போட, வண்டியை நிறுத்திவிட்டார்கள். வேனில் ஏழு பேரும் நாற்பது ஆடுகளும். ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ரயில்வேயில் அந்தப் பெண்ணுக்கு விருது கொடுத்திருக்கிறார்கள். திண்டுக்கல்காரி. பெயர் ம. ஜீவிதா.

"நம்ம ஸ்கூல் பிள்ளையாம்!" என்று தாஹிரா மேடம் குதிக்காத குறை. பேட்டியில் அவளே நம் பள்ளியின் பெயரைச் சொல்லியிருக்கிறாளாம். பத்தாவது இடம் நிரம்பியது என்றார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

படத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அதே நெற்றி, எதையோ கேட்கப் போகிற மாதிரி தூக்கிய அதே புருவம். 9-சி. மூன்றாவது பெஞ்ச்.

10 செப்டம்பர், புதன்

சூசையிடம் 2010–11 கோப்பை எடுக்கச் சொன்னேன். அந்த மனிதர் எதையும் எறிவதில்லை. பத்து நிமிடத்தில் தூசியைத் தட்டிக்கொண்டு வந்து கொடுத்தார். "என்ன டீச்சர், மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்றார். தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்றேன்.

கோப்பில் ஏழு கடிதங்கள் இருந்தன. ஏழும் என் கையால் எழுதியவை.

எழுதியே விடுகிறேன். இந்தக் குறிப்பேட்டில்கூட இதை நான் எழுதியதில்லை. 2011 ஏப்ரலில் நான் 9-சி வகுப்பாசிரியை. அடுத்த வருடம் பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்ட வேண்டும் என்று அப்போதைய ஹெச்.எம். உட்கார வைத்துப் பேசினார். கணக்கில் இருபதைத் தாண்டாதவர்களை ஒன்பதாம் வகுப்போடு டி.சி. கொடுத்து அனுப்பிவிட வேண்டும். ஆனால் பள்ளி அனுப்பியதாக இருக்கக் கூடாது. பெற்றோரே கேட்டு வாங்கிப் போனதாகக் கடிதம் இருக்க வேண்டும். அவர் இன்று உயிரோடு இல்லை. அவர் மேல் பழியைத் தூக்கிப் போடுவது எனக்கு ரொம்ப வசதி. அவர் சொன்னார், செய்தது நான்.

ஏழு வீட்டிலிருந்தும் ஆள் வரச் சொன்னேன். ஜீவிதாவுக்கு அப்பா இல்லை. அம்மா அய்யம்மாள் பூ மார்க்கெட்டிலிருந்து கூடையோடு நேராக வந்தாள். அவளுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். நானே எழுதினேன்: 'எனது குடும்பச் சூழ்நிலை காரணமாக என் மகளைத் தொடர்ந்து படிக்க வைக்க இயலவில்லை. ஆகவே மாற்றுச் சான்றிதழ் வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' படித்துக்கூடக் காட்டவில்லை. "பத்தாவதுல பெயிலாகி ஊர் சிரிக்கிறதுக்கு, இப்பவே வேற பள்ளிக்கூடத்துல சேத்துருங்க" என்றேன்.

அதோடு விட்டேனா? "ஸ்கூல்ல வேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னு தெரிஞ்சா பிள்ளை மனசு விட்ரும். நீங்களே நிப்பாட்டுனதாச் சொல்லிருங்க" என்றும் சொன்னேன். கரிசனமாம். அன்றைக்கு அதைக் கரிசனம் என்றுதான் நினைத்தேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, ஒவ்வொரு எழுத்தாக 'அய்யம்மாள்' என்று எழுதினாள்.

11 செப்டம்பர், வியாழன்

யாருக்கும் தெரியாது. நான் சொன்னால்தான் தெரியும்.

14 செப்டம்பர், ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வரும் வழியில் பெலிக்ஸிடம் சொல்லிவிட்டேன். முப்பது வருடமாகக் கூடவே வாழ்கிற மனிதரிடம் இந்த ஒன்றை மட்டும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறேன். அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு முழுவதும் கேட்டார்.

"ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிரு லிடியா. மனசு லேசாயிரும்."

"ஃபாதருக்கா நான் டி.சி. குடுத்தேன்?" என்றேன். கோபமாகத்தான் சொல்லிவிட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்.

பட்டியலில் அவள் பெயரை வைத்துக்கொண்டு, நம் பள்ளி மாணவி என்று மாலை போட்டுக் கை தட்டுவது திருட்டு. துரத்திவிட்டு, சொந்தக் காலில் ஜெயித்து வந்த பிறகு 'எங்க பிள்ளை' என்பதா? அவளிடம் போய்ச் சொல்லிவிட வேண்டியதுதான். திட்டினால் திட்டட்டும். வரமாட்டேன் என்றால் அதுவும் சரி.

20 செப்டம்பர், சனி

ரயில்வே குவார்ட்டர்ஸில் ஜீவிதாவைப் பார்த்தேன். தனியாகத்தான் இருக்கிறாள். கதவைத் திறந்ததும், "கணக்கு டீச்சர்!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். திட்டு வாங்கத் தயாராகப் போனவளுக்கு நாற்காலி போட்டு, டீ போட்டு, முறுக்கும் வைத்தாள்.

எப்படி வந்தாய் இவ்வளவு தூரம் என்று கேட்டேன். இரண்டு வருடம் நூல் மில்லில் வேலை. அங்கிருந்தபடியே தனித்தேர்வில் பத்தாம் வகுப்பு. "கணக்குல அறுபத்தி ரெண்டு டீச்சர்!" அப்புறம் ஐ.டி.ஐ., அப்புறம் ரயில்வே தேர்வு. வேலையைப் பற்றிச் சொல்லும்போது கண் விரிகிறது. சிக்னல் தெரிந்தால் இன்ஜினில் இருக்கிற இரண்டு பேரும் கை நீட்டி, வாய்விட்டுச் சொல்ல வேண்டுமாம். "மனசுக்குள்ள பாத்தேன்னு சொன்னா செல்லாது டீச்சர். நான் சொல்றது அவர் காதுல விழுகணும், அவர் சொல்றது என் காதுல விழுகணும்."

நான் பேச வாய் எடுத்தேன். அதற்குள் அவளே ஆரம்பித்துவிட்டாள்.

"எங்கம்மா மட்டும் நிப்பாட்டலைன்னா நான் உங்ககிட்டயே பத்தாவது படிச்சிருப்பேன். குடும்பச் சூழ்நிலைன்னு எழுதிக் குடுத்துச்சாம், டி.சி.யிலயே அப்படித்தான் போட்டிருக்கு. என்ன பெரிய சூழ்நிலை? பூக்கட்ட ஆள் வேணும், அம்புட்டுத்தான். அன்னைக்கே சண்டை போட்டுட்டு மில்லு ஹாஸ்டலுக்குப் போனவதான். இன்னைக்கு வரைக்கும் அதோட பேச்சு இல்ல." அப்புறம் சிரித்தாள். "நீங்க நிப்பாட்ட வேணாம்னு சொல்லியிருப்பீங்க, எனக்குத் தெரியும். மேடையில பேசச் சொன்னா உங்களப் பத்தித்தான் சொல்லுவேன்."

பதினான்கு வருடம். நான் சொன்னதை அப்படியே காப்பாற்றியிருக்கிறாள் அந்தப் பொம்பளை. பெற்ற மகளே முகம் கொடுத்துப் பேசாதபோதுகூட வாயைத் திறக்கவில்லை.

நான் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

21 செப்டம்பர், ஞாயிறு

சொல்லவில்லை. முறுக்கைத் தின்றுவிட்டு வந்திருக்கிறேன். வெட்கமாயில்லை?

5 அக்டோபர், ஞாயிறு

காலாண்டு விடுமுறையைச் சாக்காக வைத்து இரண்டு வாரம் ஓட்டினேன். இன்று காலை கிளம்பிவிட்டேன். மகளிடம் சொல்வதற்கு முன்னால் அம்மாவிடம் கேட்க வேண்டும். சொல்லாமல் இருக்கச் சொன்னது நான். அந்த வாக்கிலிருந்து அவளை விடுவிக்க வேண்டியதும் நான்தான்.

பூ மார்க்கெட்டில் விசாரித்தால் அய்யம்மாளைத் தெரியாதவர்கள் இல்லை. ஆயுத பூசை வியாபாரம் முடிந்து கூட்டம் குறைந்திருந்தது. சாக்கை விரித்து உட்கார்ந்து, உதிர்ந்த செவ்வந்தியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னை நிமிர்ந்து பார்த்தவள் அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"கணக்கு டீச்சரம்மாதான? அடையாளம் தெரியாமப் போகுமா?"

கீழே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்றும் இன்றுதான் சொன்னேன். அவள் கை நின்றது.

"குடும்பச் சூழ்நிலையா? எங்க வீட்டுல அப்படி ஒண்ணுமில்லையே டீச்சரம்மா. அவ பள்ளிக்கூடம் போகையில நான் ஒரு நா பூக்கட்டக் கூப்பிட்டதில்ல."

அவளே தொடர்ந்தாள். "வேற பள்ளிக்கூடத்துல சேத்துக்கிருவாகன்னீக. மூணு பள்ளிக்கூடம் ஏறி எறங்குனேன். இந்த மார்க்குக்குச் சேக்க முடியாதுன்னுட்டாக. அதை அவகிட்டச் சொல்ல முடியுமா? மனசு விட்ரும்னு நீங்கதான சொன்னீக. தெருவே என்னைய ஏசுச்சு. பெத்த பிள்ளையப் படிக்கவிடாத முண்டைன்னு ஒருத்தி குழாயடியில வச்சே சொன்னா. இம்புட்டு நாள் எங்க இருந்தீக நீங்க?"

அரை கிலோமீட்டர் தூரத்தில்தான் இருந்தேன். தினமும் அதே சாலையில்தான் பள்ளிக்குப் போய் வந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை. ஜீவிதாவிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன், சம்மதமா என்று மட்டும் கேட்டேன். பொறுக்கிய பூவை அள்ளிக் கூடையில் போட்டாள்.

"உங்க மேல அம்புட்டு மருவாதி வச்சிருக்கா. அதுவும் போயிரும்."

"போகட்டும்."

"அப்ப நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன். சொன்னா நம்புவாளா?"

11 அக்டோபர், சனி

கடிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு போனேன். இந்த முறை உள்ளே போய் உட்காரவே இல்லை. உட்கார்ந்தால் டீ வரும், டீ வந்தால் தைரியம் போகும். வாசலில் நின்றபடியே நீட்டினேன்.

ஜீவிதா படித்தாள். முதல் வரியிலேயே நின்றுவிட்டாள். "இது உங்க கையெழுத்து." ஒரு வருடம் முழுக்க அந்தக் கையெழுத்தைக் கரும்பலகையில் பார்த்து எழுதியவள். ஏமாற்ற முடியுமா?

ஆமாம் என்றேன். ஹெச்.எம். சொன்னது, ஏழு பேர், நூற்றுக்கு நூறு, 'நீங்களே நிப்பாட்டுனதாச் சொல்லிருங்க' என்று நான் சொல்லிக் கொடுத்தது, மூன்று பள்ளிகள் – ஒன்றுவிடாமல் சொன்னேன். மன்னிப்புக் கேட்கத் தயாராக்கி வைத்திருந்த வாக்கியம் வாயில் வரவில்லை. வந்திருந்தாலும் அதை வைத்து அவள் என்ன செய்வாள்?

அவள் அழவில்லை. கத்தவும் இல்லை. கடிதத்தை நான்காக மடித்தாள்.

"டூட்டிக்கு நேரமாச்சு" என்று கதவைச் சாத்தினாள்.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. தெரு முழுக்க வெடிச் சத்தம். ஜீவிதாவிடமிருந்து ஒன்றும் இல்லை.

6 நவம்பர், வியாழன்

மாலை ஐந்தே காலுக்கு ஜீவிதா போனில் வந்தாள். வணக்கம்கூட இல்லை.

"எங்கம்மாகிட்டப் போனேன். ஏம்மா சொல்லலைன்னு கேட்டேன். டீச்சர் சொல்லக் கூடாதுன்னாகன்னு சொல்லுது. அதுக்கு என்ன சொல்லுவீங்க?"

பதிலுக்குக் காத்திருக்காமல் அவளே தொடர்ந்தாள்.

"நான் விழாவுக்கு வாரேன். ஆனா நீங்க எங்கிட்ட வாசல்ல வச்சுச் சொன்னீங்கள்ல, அதை மேடையில மைக்குல சொல்லணும். எங்க தெருவே எங்கம்மாவ ஏசுச்சு. தெருவே கேக்கணும். சொல்லுவீங்களா?"

"சொல்றேன்" என்றேன். யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

போனை வைத்த பிறகு இரண்டு மாதத்தில் முதல் முறையாக நன்றாகப் பசித்தது.

7 நவம்பர், வெள்ளி

ஹெச்.எம். அறையில் முக்கால் மணி நேரம். தாஹிரா மேடம் கெட்டவர் இல்லை. முழுவதையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"டீச்சர், அன்னைக்கு நான் இந்த ஸ்கூல்லயே இல்ல. ஆனா நாளைக்குப் பேப்பர்ல வந்தா என் பேருதான் வரும். உங்களுக்கு ஆறே மாச சர்வீஸ். பென்ஷன் பைல் போற நேரம். தனியா அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேட்டாச்சுல்ல? அதோட விடுங்களேன்."

"தனியாச் செஞ்சது இல்லையே மேடம். அது ஸ்கூல் பதிவேட்டுல இருக்கு."

"அப்ப அந்தப் பேரையே எடுத்துடுவோம். வேற யாரையாவது போடுவோம்."

எடுத்தால் பத்துப் பேர் பட்டியலில் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். பொறுப்பாசிரியை கையெழுத்து இல்லாமல் விழாக்குழு ஒப்புக்கொள்ளாது. அது அவருக்கும் தெரியும். கடைசியில் ஒரு வழி சொன்னார். பெயர் இருக்கட்டும். ஆனால் மேடையில் படிக்கிற அறிமுகக் குறிப்பை அவர் பார்த்து, கையெழுத்துப் போட்ட பிறகுதான் படிக்க வேண்டும்.

சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன். படிக்கப் போவது நான்தானே.

12 டிசம்பர், வெள்ளி

ஹெச்.எம். கையெழுத்துப் போட்ட குறிப்பு வந்துவிட்டது. 'நம் பள்ளியில் பயின்று, வறுமையிலும் விடாமுயற்சியால் உயர்ந்து…' வறுமை! மறுபடியும் அந்த அம்மாவின் தலையிலேயே கட்டுகிறார்கள்.

தமிழ்மதியிடம் விஷயத்தைச் சொன்னேன். வக்கீல் என்ன சொல்வாளோ என்று பயம். அவள் சிரித்துவிட்டாள். "உங்களப் பத்தி நீங்களே சொல்றதுக்கு யாரு டீச்சர் கேஸ் போடுவா? ஆனா மெமோ வரும். அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது."

வரட்டும். முப்பத்து நான்கு வருட வேலையில் நான் மெமோவே வாங்கியதில்லை. அதிலும்தான் என்ன பெருமை?

9 ஜனவரி 2026, வெள்ளி

அன்று டி.சி. கொடுத்து அனுப்பிய மற்ற ஆறு பேரையும், நடந்ததைச் சொல்லத் தேடினேன். நான்கு பேர் கிடைத்தார்கள். ஒருத்தி பிரியாணிக் கடையில் கல்லாவில் இருக்கிறாள், ஒருத்தி திருப்பூரில், ஒருத்தி ஆத்தூர்ப் பக்கம் கல்யாணமாகிப் போய் மல்லிகைத் தோட்டம் பார்க்கிறாள், ஒருத்தி இங்கேயே ஒரு மருந்துக் கடையில். மூன்று பேர் நன்றாகப் பேசினார்கள். மருந்துக் கடைக்காரி மட்டும், "மாத்திரை வேணுமா டீச்சர்? இல்லைன்னா நகருங்க, பின்னாடி ஆள் நிக்கிது" என்றாள்.

நகர்ந்தேன். அப்படிச் சொல்ல அவளுக்கு உரிமை உண்டு.

24 ஜனவரி, சனி

பவள விழா முடிந்தது. மறக்கும் முன் நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

பந்தலில் இடமில்லை. ஒன்பது பேருக்கும் சால்வை, கேடயம், கை தட்டல். பதினான்கு பக்கக்காரி விடாமல் முயன்று எப்படியோ மேடைப் படிக்கட்டு வரைக்கும் வந்துவிட்டாள், கோலம் போட்ட குழுவின் சார்பாக. நான் மைக் பிடித்து ஒவ்வொரு குறிப்பாகப் படித்தேன்.

அய்யம்மாள் மூன்றாவது வரிசையில் இருந்தாள். தனியாக வரவில்லை. தெருப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேரை இரண்டு ஆட்டோவில் ஏற்றிக் கூட்டி வந்திருந்தாள். எல்லோர் தலையிலும் பூ. மகளுக்கு விருது என்று மட்டும் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். ஜீவிதா அம்மாவுக்கு அருகில் உட்காராமல், ஓரமாக விருது வாங்குகிறவர்களோடு உட்கார்ந்திருந்தாள்.

பத்தாவது குறிப்பு. ஹெச்.எம். கையெழுத்துப் போட்ட தாளை மடித்துக் கைப்பையில் வைத்தேன். என் தாளை எடுத்தேன். தாஹிரா மேடம் மேடையிலிருந்தே பார்த்துவிட்டார். தடுக்கவில்லை. தடுக்க நேரமில்லையா, மனமில்லையா, தெரியவில்லை.

நான் படித்தது இதுதான்:

'ம. ஜீவிதா இந்தப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு சி பிரிவு வரை படித்தார். பத்தாம் வகுப்பு படிக்க இந்தப் பள்ளி அவரை விடவில்லை. தேர்ச்சி விழுக்காடு குறையக் கூடாது என்பதற்காக அவரும் இன்னும் ஆறு பேரும் வெளியே அனுப்பப்பட்டார்கள். அவர் அம்மா அய்யம்மாள் அவரைப் படிப்பிலிருந்து நிறுத்தவில்லை. அந்த அம்மாவின் பெயரில் கடிதம் எழுதி, படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கியவள் நான். உண்மையை மகளிடம் சொல்லக் கூடாது என்று அவரிடம் கேட்டுக்கொண்டவளும் நான். பதினான்கு வருடம் அவர் தன் வாக்கைக் காப்பாற்றினார். ஜீவிதா பத்தாம் வகுப்பில் தேறியதற்கும் இன்று ரயில் ஓட்டுவதற்கும் இந்தப் பள்ளி காரணமில்லை. அவரை எங்கள் மாணவி என்று அழைக்க அனுமதி கேட்கிறோம்.'

பிறகு அந்த ஆறு பெயர்களையும் படித்தேன். இனிஷியலோடு.

ஒருவரும் கை தட்டவில்லை. ஜெனரேட்டர் சத்தம் மட்டும் கேட்டது. சிறப்பு விருந்தினர் குனிந்து அழைப்பிதழைப் படிக்க ஆரம்பித்தார். அந்த அமைதியில் அய்யம்மாள் பக்கத்தில் இருந்தவளின் தோளைப் பிடித்துத் திருப்பினாள். சத்தமாகத்தான் கேட்டாள்.

"கேட்டியாடி? காதுல விழுந்துச்சா?"

அந்தப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். குழாயடிக்காரி அவளாகத்தான் இருக்க வேண்டும்.

ஜீவிதா மேடை ஏறினாள். சால்வையை வாங்கினாள். பேசச் சொன்னார்கள். "எல்லாரும் கேட்டீங்கள்ல. எங்கம்மா பேரு அய்யம்மாள். அவ்வளவுதான்" என்று இறங்கிவிட்டாள். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இறங்கியவள் ஓரத்து நாற்காலிக்குப் போகாமல் மூன்றாவது வரிசைக்குப் போனாள். தெருப் பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள்.

அப்போதுதான் கை தட்டல் வந்தது. பின் வரிசையில் நின்ற எங்கள் பிள்ளைகள்தான் ஆரம்பித்தார்கள்.

27 ஜனவரி, செவ்வாய்

மெமோ வந்தது. அனுமதிக்கப்படாத வாசகத்தைப் பொது நிகழ்ச்சியில் படித்துப் பள்ளியின் பெயருக்கு ஊறு விளைவித்ததற்கு ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும். தாஹிரா மேடமே கையில் கொடுத்தார். "நான் குடுத்துத்தான் ஆகணும் டீச்சர்" என்றார். கொஞ்சம் நின்று, "நிதானமா எழுதுங்க. இந்த வருஷம் ஒம்பதாம் வகுப்புல யாருக்கும் டி.சி. கிடையாதுன்னு ஸ்டாப் மீட்டிங்ல சொல்லப் போறேன்" என்றார்.

நிதானமாக எழுத என்ன இருக்கிறது? 'நான் படித்தவை அனைத்தும் உண்மை. ஆதாரமாக ஏழு கடிதங்களின் நகல் இணைக்கப்பட்டுள்ளது.' பத்து நிமிடத்தில் கொடுத்துவிட்டேன். பென்ஷன் தாமதமாகும் என்று பெலிக்ஸ் கவலைப்படுகிறார். ஆகலாம். அதற்கும் சேர்த்துத்தான் சம்மதித்தேன்.

15 பிப்ரவரி, ஞாயிறு

அய்யம்மாள் நேற்று போன் செய்தாள். "ஞாயித்துக்கெழம மத்தியானம் வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க டீச்சரம்மா." எதற்கு என்று கேட்கவும் தோன்றவில்லை. போனேன்.

ஒற்றை அறை வீடு. ஜீவிதா தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். "வாங்க" என்றாள். அதற்கு மேல் ஒன்றுமில்லை. மன்னித்துவிட்டாள் என்று நான் எழுதினால் அது பொய். அவள் மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டும் என்று கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை.

கருவாட்டுக் குழம்பு. அய்யம்மாள் எனக்கு முதலில் பரிமாறினாள். ஜீவிதா ஒரு வாய் எடுத்ததும், "ஏம்மா, மனுசன் திங்கவா இது? இம்புட்டுப் புளியா ஊத்துவ?" என்று கத்தினாள்.

"நாக்கு செத்துப் போச்சுடி ஒனக்கு, ஹோட்டல்ல தின்னு தின்னு!"

"ஆமா, நீ மட்டும் வடிச்சுக் கொட்டுன!"

"கூப்பிட்டா வந்தியா நீ?"

சண்டை குழம்பில் ஆரம்பித்து மில்லுக்குப் போனது, மில்லிலிருந்து காய்ச்சலில் கிடந்த ஒரு பொங்கலுக்குப் போனது, அங்கிருந்து யார் யாருக்குப் போன் செய்யவில்லை என்பதற்கு வந்தது. இருவர் குரலும் ஏறிக்கொண்டே போயின. பதினான்கு வருடம் போடாமல் வைத்திருந்த சண்டை. ஒரு நாளில் முடிகிறதா என்ன. நடுவில் ஜீவிதா தட்டை நீட்டினாள். அய்யம்மாள் திட்டிக்கொண்டே இன்னும் இரண்டு கரண்டி ஊற்றினாள்.

நான் எழுந்து கையைக் கழுவி, செருப்பை மாட்டிக்கொண்டு, போய் வாரேன் என்று சொன்னேன். சத்தத்தில் அவர்கள் காதில் விழவில்லை.